ரப்பர் மேல நிக்கிற ஜெனரேட்டர்

கரன்ட் போனதும் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல வர்ற முதல் மெசேஜ் என்ன? “ஜெனரேட்டர் சத்தம் தாங்கல.” எர்த் சரியா இருக்கான்னு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் ட்ரிபிள்-ஈ படிச்சிட்டு கோட் எழுதுற ஆளு, அதனால எனக்கு இது உறுத்தும்.

முதல்ல சத்தம். 2005-லிருந்து இந்தியாவில் தயாராகிற டீசல் செட்டுகளுக்கு, 1000 கேவிஏ வரைக்கும், கனோப்பியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்துல 75 டெசிபல்தான் உச்சவரம்பு. அதுக்கு மேல கத்துதுன்னா கனோப்பி கதவோட பீடிங் போயிருக்கும், இல்லன்னா சைலன்சர் அரிச்சிருக்கும். ஆனா மூணாவது மாடியில தரையே அதிருதுன்னா அது காத்து வழியா வர்ற சத்தம் இல்ல, கான்கிரீட் வழியா வர்ற அதிர்வு. அதுக்குத்தான் செட்டுக்கு அடியில ரப்பர் மவுன்ட் வைக்கிறாங்க. நல்ல வேலைதான்.

ஆனா ரப்பர்ல கரன்ட் பாயாது. ரப்பர் மாத்தும்போது எர்த் பட்டையைக் கழட்டி, திரும்ப மாட்டாம விட்டா? ஜெனரேட்டர் ஜம்முனு ஓடும், லிஃப்ட் போகும், சத்தமும் குறைஞ்சிருக்கும். எல்லா டெஸ்ட்டும் பாஸ், பக் உள்ளேயே இருக்கும். ஒருநாள் உள்ள ஒரு வயர் உரசி பாடியில 230 வோல்ட் ஏறும். பிரேக்கர் விழாது. ஈரத் தரையில நின்னு கதவைத் திறக்கிற வாட்ச்மேன் அண்ணன் வழியா கரன்ட் தரைக்குப் போகும்.

பட்டை இருந்தா, அந்தக் கரன்ட் பட்டை வழியா நியூட்ரலுக்குத் திரும்பி ஓடி பிரேக்கரைத் தள்ளிவிடும். அதுக்கு நியூட்ரலும் எர்த் ஆகியிருக்கணும். வெறும் கம்பியை மண்ணுல அடிச்சா போதாது. அதனாலதான் பாடிக்கு ரெண்டு, நியூட்ரலுக்கு ரெண்டுன்னு தனித்தனி எர்த் குடுக்கிறாங்க. ரப்பர் மேல செட் ஆடுறதால, பாடியில சேர்ற இடத்துல வளையுற செம்புப் பின்னல் வேணும். விறைப்பான பட்டை நாளாக ஆக விரிசல் விடும்.

வீட்டுல சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வெச்சிருக்கீங்களா? சத்தத்துக்குப் பயந்து பெட்டி போட்டு மூடாதீங்க, உள்ளேயும் வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. திறந்த வெளியில தூரத்தை ரெண்டு மடங்காக்கினா ஏறக்குறைய 6 டெசிபல் சும்மாவே குறையும்.

உங்க அபார்ட்மென்ட்ல சமீபத்துல ரப்பர் மாத்தினாங்கன்னா, இன்னிக்கே அசோசியேஷன்ல சொல்லி, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வெச்சு எர்த் கன்டின்யூட்டி பார்க்கச் சொல்லுங்க.