ஆற்றில் ஆறு துடுப்புகள்



ஆறு என்னும் சொல்லுக்குத் தமிழில் பல பொருள் உண்டு. ஓடும் நீருக்கும் ஆறு என்று பெயர். நடக்கும் வழிக்கும் ஆறு என்று பெயர். ஐந்தை அடுத்த எண்ணுக்கும் அதுவே பெயர். இம்மூன்று பொருளும் ஓரிடத்தில் வந்து கூடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. மலையாற்றில் ரப்பர் தெப்பத்தை இறக்கி, ஆறு பேர் துடுப்பேந்தி, பாறைகளுக்கு இடையே வழி கண்டு செல்லும் விளையாட்டு அது. ராஃப்டிங் என்று உலகம் அதனை அழைக்கிறது.

இவ்விளையாட்டில் உள்ளம் பறிகொடுத்து, குழுவாகக் கூடிப் பந்தயத்தில் இறங்கும் பெண்களைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறேன். பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நீங்கள் 'ஆற்றில் இறங்காதே' என்ற அறிவுரையை நூறு முறை கேட்டிருப்பீர்கள். பெண்ணாய்ப் பிறந்தவர்கள் இருநூறு முறை கேட்டிருப்பார்கள். அவ்வறிவுரையில் அன்பும் உண்டு, நியாயமும் உண்டு. ஆயினும், தடை எங்கே அறிவாக விளங்குகிறது, எங்கே வெறும் அச்சமாக நின்றுவிடுகிறது என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமை. அதற்கு இப்பெண்களின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

முதலில் அந்த நீரை அறிந்துகொள்வோம். சமவெளியில் காவிரி நடப்பதுபோல மலையிடுக்கில் ஆறு நடப்பதில்லை. அங்கே படுகை சட்டெனச் சரியும், கரைகள் நெருங்கும், பாறைகள் மறிக்கும். நீர் அவற்றின்மேல் மோதிக் காற்றைத் தன்னுள் வாரிக்கொண்டு நுரையாய்ப் பொங்கும். அதுவே வெண்ணீர். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஏறத்தாழ ஒரு டன். நொடிக்கு 50 கன மீட்டர் நீர் பாயும் ஆற்றில், ஒவ்வொரு நொடியும் 50 டன் எடை நம்மைக் கடந்து ஓடுகிறது. அதனை எதிர்த்து நிறுத்தவல்ல தோள் ஆணுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

நிறுத்த முடியாத நீரைப் படிக்க முடியும். பெரும்பாறையின் பின்புறத்தில் நீர் திரும்பி மேல்நோக்கி ஓடும். அந்த அமைதியான இடம், கைதேர்ந்தவர்களுக்கு வழிப்போக்கர் திண்ணைபோல இளைப்பாறப் பயன்படும். நீர் செங்குத்தாய் வீழ்ந்து, சுருண்டு, தன்மேலேயே மீண்டும் வந்து விழும் இடமும் உண்டு. அது தெப்பத்தைப் பற்றிக்கொண்டு விடாது. காற்று மிகக் கலந்த நுரையில் துடுப்புக்குப் பிடிப்புக் குறையும். இவற்றையெல்லாம் கரையில் நின்று கண்ணால் அளந்த பின்னரே தேர்ந்தவர்கள் இறங்குவார்கள். அவர்களுக்கு உதவியாக, பாய்ச்சல்களை எளிமை முதல் கடுமை வரை ஆறு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு, மனிதத் திறமையின் எல்லை.

இத்தகைய நீரில் பெண்கள் எவ்வாறு இடம்பெற்றார்கள்? அதற்கு அமெரிக்க நாட்டின் கொலராடோ ஆற்றுக்குச் செல்வோம். கிராண்ட் கேன்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கின் ஊடே பாயும் ஆறு அது. 1928ஆம் ஆண்டில் பெஸ்ஸி ஹைட் என்ற இளம்பெண் தம் கணவர் கிளெனுடன் படகேறி அதில் சென்றார். பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்த முதற்பெண் என்னும் பெயர் அவருக்கு வந்திருக்கும். ஆனால் படகு கவிழாமல் தனியே மிதந்துகொண்டிருந்ததைத்தான் தேடிச் சென்றவர்கள் கண்டார்கள். இருவரும் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை.

அந்த நினைவு ஆறுவதற்குள், 1938ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவரவியலார் இருவர் அதே ஆற்றில் செல்லத் துணிந்தனர். ஒருவர் எல்ஸாடா குளோவர். மற்றவர் அவரினும் இளையவரான லோயிஸ் ஜாட்டர். அப்பள்ளத்தாக்கு பெண்களுக்கு உரிய இடம் அன்று எனப் பலர் கூறினர். அவர்களோ அங்கே எவரும் முறையாகப் பட்டியலிடாத செடிகொடிகளை ஆராயவேண்டும் என்றனர். ஏறத்தாழ ஆறு வாரப் பயணம். 600 மைலுக்கும் மேற்பட்ட தொலைவு. படகில் துடுப்பு வலித்தவர்கள் ஆடவர்களே. பெண்கள் இருவரும் செடிகளைச் சேகரித்து அழுத்தி உலர்த்தினர்; அதோடு அனைவருக்கும் சமைத்தும் போட்டனர். பள்ளத்தாக்கின் முழு நீளத்தையும் படகில் கடந்து உயிருடன் மீண்ட முதற்பெண்கள் அவர்களே. அவர்கள் தொகுத்த தாவரப் பட்டியல் பிற்காலத்து ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிதும் பயன்பட்டது.

அடுத்து வந்தவர் ஜார்ஜி ஒயிட். 1944இல் தம் ஒரே மகளை விபத்தில் பறிகொடுத்த தாய் அவர். துயரத்தில் உழன்ற அவருக்கு அந்த ஆறே புகலிடமாயிற்று. மறு ஆண்டு, நண்பர் ஒருவருடன் மிதவைச் சட்டை அணிந்து, படகே இல்லாமல், அப்பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி நீரில் மிதந்து சென்றார். போர் முடிந்ததும் படையினர் கழித்துவிட்ட ரப்பர் தெப்பங்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துப் பெருந்தெப்பமாக்கிப் பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழிலை அவர் நடத்தினார். குளோவரும் ஜாட்டரும் பிறர் செலுத்திய படகில் சென்றார்கள். ஜார்ஜியோ தாமே தலைவியாய் நின்று தெப்பத்தைச் செலுத்தினார்.

படகில் இடம் பெற்றாயிற்று, தலைமையும் பெற்றாயிற்று. துடுப்பு ஒவ்வொன்றும் பெண் கையிலேயே இருக்கும் காலம் பந்தயங்களோடு வந்தது. 1989ஆம் ஆண்டில் சைபீரியாவின் அல்தாய் மலையிலுள்ள சூயா ஆற்றில், பகைமை மறந்து பல நாட்டவர் கூடிய ராஃப்டிங் விழா ஒன்று நடந்தது. அமெரிக்கரும் சோவியத் நாட்டவரும் ஒரே ஆற்றில் துடுப்பிட்டனர். 1997இல் சர்வதேச ராஃப்டிங் சம்மேளனம் உருவாயிற்று. அதன் உலகப் போட்டிகளில் பெண்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஆறு பேர் குழுவும் உண்டு, நால்வர் குழுவும் உண்டு.

பந்தயம் நான்கு வகைப்படும். முதலாவது, குறுகிய தொலைவை விரைந்து கடப்பது. இரண்டாவது, இரு தெப்பங்கள் ஒருசேரப் புறப்பட்டு நேருக்கு நேர் மோதுவது. மூன்றாவது, ஆற்றின்மேல் கம்பிகளில் தொங்கும் கோல்வாயில்களுக்குள் நுழைந்து செல்வது. அவற்றுள் சிலவற்றை, ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கித் துடுப்பிட்டுக் கடக்கவேண்டும். கோலைத் தொட்டால் ஐந்து நொடி தண்டம். வாயிலைத் தவறவிட்டால் 50 நொடி. நான்காவது, நெடுந்தூர ஓட்டம். விரைவுக்கு 100, நேர்மோதலுக்கு 200, வாயில்களுக்கு 300, நெடுந்தூரத்துக்கு 400 என ஆயிரம் புள்ளிகளைப் பிரித்து வைத்தார்கள். வெறும் வேகத்துக்கு மிகக் குறைந்த மதிப்பும், நீடித்து நிற்கும் ஒற்றுமைக்கு மிக உயர்ந்த மதிப்பும் தந்திருப்பதைக் கவனியுங்கள்.

ஒற்றுமை என்பது இங்கே அழகுக்காகச் சொல்லும் சொல் அன்று. ரிஷிகேசத்துக்கு மேலே, சிவபுரியை ஒட்டிய கங்கைக் கரையில் நின்று பயிற்சிக் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தெப்பத்தில் தோள்வலி மிக்க ஆறு இளைஞர்கள் இருந்தனர். ஆளுக்கு ஒரு திசையில் அவர்கள் நீரைக் குத்தினர். தெப்பம் பம்பரம்போல் சுழன்றது. அதன் பின்னே பெண்கள் அறுவர் வந்தனர். பின்னிருந்த ஒருத்தி குரல் கொடுத்தாள். முன்னே இருந்த இருவர் தாளம் தொடங்கினர். ஆறு துடுப்பும் ஒரே கணத்தில் நீரில் இறங்கி ஒரே கணத்தில் எழுந்தன. தெப்பம் பாறையை உரசாமல் திரும்பி, அதன் பின்னிருந்த அமைதி நீரில் போய் நின்றது. நீரின் எடையைப் பற்றி முன்னர்ச் சொன்னேனே, அதன் பொருள் அங்கே விளங்கியது. ஆற்றின் முன்னே எல்லாத் தோள்களும் சிறியவையே. ஆகவே, இணைந்த தோள்களே அங்கு வெல்கின்றன.

இத்தகைய இணக்கம் ஒரு நாளில் வருவதன்று. ஜப்பான் நாட்டின் ஷிகோகு தீவில் யோஷினோ என்னும் ஆறு மலைகளைப் பிளந்து ஓடுகிறது. அதன் கரையைத் தம் பயிற்சிக் களமாகக் கொண்டது, 'தி ரிவர் ஃபேஸ்' என்னும் பெண்கள் குழு. 2010இல் நெதர்லாந்தில் நடந்த நால்வர் உலகப் போட்டியில் அக்குழு வெற்றி வாகை சூடியது. 2017இல் உலகப் போட்டி அவர்களுடைய யோஷினோ ஆற்றுக்கே வந்தது. அவ்வாண்டும் பெண்கள் பிரிவின் மொத்தப் பட்டம் ஜப்பானுக்கே கிட்டியது. உருவத்தால் பெரியவர்கள் அல்லர் அவர்கள். ஒரே ஆற்றை ஆண்டுக்கணக்காகப் படித்தவர்கள். ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்தவர்கள்.

நம் நாட்டுப் பெண்களும் தெப்பம் ஏறாதவர்கள் அல்லர். 1984இல் எவரெஸ்ட் சிகரம் ஏறிய முதல் இந்தியப் பெண்மணி பச்சேந்திரி பால், பத்தாண்டுகள் கழித்து 1994இல் 18 பெண்களைத் திரட்டினார். மூன்று தெப்பங்களில் ஹரித்துவாரத்திலிருந்து கல்கத்தா வரை 2,155 கிலோமீட்டர் தொலைவை அவர்கள் 39 நாள்களில் கடந்தனர். அது பெரும்பாலும் சமவெளிப் பயணம்; வெண்ணீரின் சீற்றம் அங்கில்லை. ஆனால் வெயிலும் சலிப்பும் நாள்தோறும் ஒரே முகங்களைக் காணும் அலுப்பும் உண்டு. அவற்றைத் தாங்கி ஒன்றாக இருப்பது, பாறைக்கு நடுவே ஒரு கணம் ஒன்றாக இருப்பதைவிட எளிதன்று.

மலையிலிருந்து இறங்கிக் கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றில், நீர் போகும் வழியே போகும் தெப்பத்தை மனித வாழ்வுக்கு உவமையாக்கினார் நம் கணியன் பூங்குன்றனார். இப்பெண்களின் தெப்பமும் நீர் வழியேதான் போகிறது. அதனை மறுத்து ஓர் அடியும் அவர்கள் வைப்பதில்லை. ஆனால் அந்த நீருக்குள்ளேயே எது பாறைக்குப் போகும் வழி, எது கடலுக்குப் போகும் வழி என்று அவர்கள் தேர்ந்துகொள்கிறார்கள். விதியின் ஓட்டம் உண்மை, துடுப்பும் உண்மை. ஒன்றைக் கண்டு மற்றொன்றைக் கைவிடுவது பேதைமை.

மாணவ மாணவியரே, ஆற்றில் பாயுங்கள் என்று நான் சொல்லவில்லை. இவ்வீராங்கனைகளும் அவ்வாறு சொல்லமாட்டார்கள். அவர்கள் மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் இன்றி நீரைத் தொடமாட்டார்கள். பாய்ச்சல் மிகக் கடுமை என்று கண்டால், தெப்பத்தைத் தோளில் சுமந்து கரைவழியே நடக்க நாணமாட்டார்கள். நீரில் வீழ்ந்தவர் எழுந்து நிற்க முயலக்கூடாது. பாறையிடுக்கில் கால் சிக்கினால் ஆபத்து. மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, மிதந்து வரவேண்டும். இதுவே அவர்கள் கற்கும் முதற்பாடம். விழுவது எப்படி என்று கற்றபின்புதான் ஏறுவது எப்படி என்று கற்கிறார்கள்.

ஆகவே, என் வேண்டுகோள் சிறியது. பெற்றோர் துணையோடும் தக்க ஆசிரியர் துணையோடும் நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். தங்கையையும் அழைத்துச் செல்லுங்கள். அவள் கரையில் நின்று உங்கள் உடைகளைக் காத்திருக்க வேண்டா. 'ஆற்றில் இறங்காதே' என்பது அறியாதவருக்குச் சொன்ன நல்லுரை. அறியச் செய்வதே அதனினும் நல்லுரை. நீர் எவரையும் ஆண், பெண் என்று கேட்பதில்லை. கற்றாயா, துணையோடு வந்தாயா என்ற இரண்டையே கேட்கிறது. இரண்டுக்கும் ஆம் என்று விடை கூறும் தலைமுறையாக நீங்கள் வளர வேண்டும் என வாழ்த்துகிறேன்.