எல்லைக்கோடு மாறலாம், பிள்ளைகளின் உரிமை மாறக்கூடாது!

📢 ஐயம்பேட்டை தெருமுனைக் கூட்டத்தில் நமது மாவட்டப் பொறுப்பாளர் ஆற்றிய உரை:

பெரியோர்களே, தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே!

கோர்வைச் சேலை நெய்யுற ஊருக்கு வந்து கரையைப் பத்தி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ரெண்டும் பிரியாம கோர்க்கிறது உங்க கை. மாநில எல்லையும் அப்படித்தான் இருக்கணும்.

1953 அக்டோபர் 1-ல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரம் பிரிந்தது. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட பிறகு வந்த பிரிவு அது. திருத்தணியும் அப்போது அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. போன்றோர் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நம்மோடு சேர்ந்தது. அதே ஏற்பாட்டில் நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்கள் சில ஆந்திரத்துக்குப் போயின.

கோடு நகர்ந்தது. மனுசங்க நகரல. நகரி, புத்தூர், சித்தூர், குப்பம் வட்டாரத்துல இன்னைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கு. இந்தப் பக்கம் தெலுங்கு பேசுற குடும்பங்கள் இருக்கு. பொண்ணு கொடுத்து பொண்ணு எடுத்தவங்கதானே எல்லாரும்!

"பிரிஞ்சு போன ஊருக்கு நாம ஏன் பேசணும்?" என்று சிலர் கேக்கறாங்க. அரசியல் சட்டமே பேசச் சொல்லுது தோழர்களே! 1956-ல் 7-வது திருத்தத்தின் மூலம் 350-ஏ பிரிவு வந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் வசதி செய்ய வேண்டும். 350-பி பிரிவுப்படி இதைக் கண்காணிக்க ஒரு தனி அதிகாரி. பள்ளியில் 40 பிள்ளைகள், அல்லது ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் போட வேண்டும் என்பது மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட அளவுகோல்.

உலகத்தைப் பாருங்க. 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. ஆனாலும் அயர்லாந்துக்காரர் பிரிட்டனிலும், பிரிட்டன்காரர் அயர்லாந்திலும் வாழவும் வேலை செய்யவும் உள்ள உரிமையை இரு நாடுகளும் விடவில்லை. அவங்க ரெண்டு நாடு. நாம ஒரே நாடு! நம்மால முடியாதா?

நமது கோரிக்கைகள்:

✅ ஆந்திர எல்லைப் பகுதிகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியரும் பாடநூலும் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

✅ அங்கே நாம் கேட்பதை இங்கே தெலுங்குப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். தமிழைக் கற்கட்டும், தாய்மொழியை இழக்க வேண்டாம். நம்ம வீட்டுல கொடுக்காததை அடுத்த வீட்டுல கேக்க முடியாது.

✅ தென் மண்டலக் குழுவில் இதைத் தனிப் பொருளாக எடுக்க வேண்டும். எல்லைப் பிரச்சினையும் மொழிச் சிறுபான்மையினர் நலனும் அங்கே விவாதிக்க 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டமே வழி வைத்திருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் உங்க சொந்தபந்தம் இருக்கா? அவங்க பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியார் இருக்காரான்னு கேளுங்க. இல்லைன்னா, எழுதி எங்க கிட்ட கொடுங்க. மனுவாக்கி மேலே கொண்டு போறது எங்க பொறுப்பு.

கரை கிழிஞ்சா சேலை நிக்காது தோழர்களே.

#ஐயம்பேட்டை #தாய்மொழிக்கல்வி #எல்லைத்தமிழர்