சொல்லடைவும் குற்றப் புலனாய்வும்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவு)



தமிழ்ப் புலவன் ஒருவன் காவல்துறையைப் பற்றிப் பேசுவதா என்று உங்களுள் சிலர் வியக்கலாம். பேசுதற்குக் கரணியம் உண்டு. இற்றைக் காவல்துறை உலகெங்கும் ஒரு புதுக் கருவியைக் கையாள்கின்றது. மடல்கள், வாய்மொழிப் பதிவுகள், கைப்பேசிக் குறுஞ்செய்திகள், வழக்குக் கோப்புகள் ஆகிய எழுத்துக் குவியலைக் கணிப்பொறியுள் இட்டு, அதனுட் புதைந்து கிடக்கும் பெயரையும் இடத்தையும் தொடர்பையும் தோண்டியெடுக்கும் கருவி அது. அதனைப் பனுவல் அகழ்வு எனலாம். அதன் அடிப்படை யாது? சொற்களைப் பிரித்தல், ஒவ்வொன்றின் வேர் காணல், அகர நிரலில் அடுக்கல், எவ்விடத்து எத்துணை முறை வந்துள்ளதெனக் குறித்தல். பழம் பனுவல்களுக்குச் சொல்லடைவு தொகுத்த நம் புலவர் செய்த பணியும் இதுவே அன்றோ? ஆகவே இத்துறை மொழியறிந்தார்க்கு அயற்றுறை அன்று.

இக்கருவியின் தேவையை உலகிற்கு உணர்த்தியது ஒரு பெருந்தோல்வி. இங்கிலாந்தின் வடபாலுள்ள யார்க்சயரிலும் மான்செசுட்டரிலும் 1975 முதல் 1980 வரை பதின்மூன்று பெண்டிர் ஒருவனாற் கொலையுண்டனர். காவலர் உழைப்பிற்குக் குறைவில்லை. இலீட்சு நகரக் காவல்நிலையத்தில் செய்தியட்டைகள் மலைபோற் குவிந்தன. கொலைஞனாகிய பீட்டர் சட்கிளிப்பு என்னும் சரக்குந்து ஓட்டியைக் காவலர் ஒன்பது முறை உசாவினர். ஒன்பது முறையும் விட்டுவிட்டனர். கொலையுண்ட பெண்ணொருத்தியின் கைப்பையிற் கிடைத்த புதிய ஐந்து பவுன் தாள் எந்தத் தொழிலகங்களின் ஊதியத்தோடு வந்திருக்கலாம் எனத் தேடியபோது அவன் பெயர் ஓரட்டையில் ஏறியது. கொலைகள் நிகழ்ந்த பகுதிகளில் அவன் வண்டி மீண்டும் மீண்டும் காணப்பட்ட செய்தி வேறோரட்டையில் ஏறியது. இவ்வட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் கை இல்லை. 1981 சனவரி 2 அன்று, பொய்யான வண்டியெண் பொருத்தியதற்காகச் செபீல்டு நகரிற் காவலர் அவனைப் பிடித்ததனாலேயே அவன் அகப்பட்டான்.

இவ்வழக்கில் மொழிநூலார்க்குரிய பாடம் ஒன்றும் உண்டு. 1978, 1979ஆம் ஆண்டுகளில், தன்னைக் கொலைஞன் என்று கூறிக்கொண்ட ஒருவன் மூன்று மடல்களும் ஓர் ஒலிப்பதிவும் விடுத்தான். வட்டார வழக்கு ஆய்வாளராகிய சுடான்லி எல்லிசு அக்குரலைக் கேட்டு, பேசியவன் சண்டர்லாந்து நகரத்தின் இன்ன பகுதியான் என்று துல்லியமாகக் கூறினார். அவர் கூற்று முற்றும் உண்மை. ஆனால், அக்குரலுக்குரியவன் கொலைஞனே அல்லன், வெறும் ஏமாற்றுக்காரன். ஏமாற்றாக இருக்கலாம் என்று மொழியாய்வாளர் எச்சரித்தும் உயரலுவலர் பொருட்படுத்தவில்லை. அப்பேச்சு வழக்கு இல்லாதாரையெல்லாம் ஐயப் பட்டியலினின்று நீக்கினர். யார்க்சயர்ப் பேச்சுடைய சட்கிளிப்பும் தப்பினான். அதன்பின் மேலும் மூன்று பெண்டிர் உயிரிழந்தனர். ஏமாற்றியவன் 2005ஆம் ஆண்டிலேதான் பிடிபட்டான். மடலுறையில் ஒட்டியிருந்த உமிழ்நீர் அவனைக் காட்டிக் கொடுத்தது.

பெருமக்களே! மொழியாய்வு இங்குப் பிழைக்கவில்லை. 'இக்குரல் எவ்வூரது?' என்னும் வினாவிற்கு அது விடை தந்தது. 'கொலைஞன் எவ்வூரான்?' என்னும் வேறொரு வினாவிற்கு அதே விடையைப் பிறர் எடுத்து ஒட்டினர். கணிப்பொறி தரும் விடைகளுக்கும் இவ்விடர் இன்றும் உண்டு.

இலாரன்சு பைபோர்டு என்னும் உயரலுவலர் இத்தோல்வியை ஆராய்ந்து 1981 இறுதியில் அறிக்கை தந்தார். அதன் பயனாக 1985 முதல் பிரித்தானியக் காவல்துறையிற் கணிப்பொறி அமைப்பொன்று புகுந்தது. கதைத் துப்பறிவாளர் பெயரே தோன்றுமாறு அதற்கு 'ஓம்சு' என்று சுருக்கப் பெயரிட்டனர். ஒவ்வொரு வாய்மொழியும் அதனுட் பதியப்பெறும். ஆள், வண்டி, முகவரி, தொலைபேசி எண் என்று தனித்தனி அடைவுகள் உருவாகும். ஓரட்டையிலுள்ள பெயர் மற்றோரட்டையிலும் தோன்றின் பொறி அதனை எடுத்து நீட்டும். ஒன்பது அட்டைகளை ஒருங்கே காட்டும் கை இவ்வாறு கிடைத்தது.

அமெரிக்க நாட்டு வழக்கொன்றையும் சுருங்கச் சொல்வேன். 1978 முதல் 1995 வரை பதினாறு வெடியங்களை விடுத்து மூவரைக் கொன்றான் ஒருவன். அவன் எழுதிய, ஏறத்தாழ 35,000 சொற்கள் கொண்ட கட்டுரையை 1995 செப்டம்பர் 19 அன்று வாசிங்டன் போசுட்டு நாளிதழ் வெளியிட்டது. அதனைப் படித்த தாவீது கசின்சுகியும் அவர் மனைவியும் அந்நடை தமையன் தியோடர் நடைபோல் உள்ளதே எனத் திடுக்கிட்டனர். அவன் பழைய மடல்களை நடுவண் புலனாய்வுத் துறையார் கட்டுரையோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டனர். அவ்வொப்பீடு அவன் குடிலைத் தேடுதற்கு ஆணைபெற உதவியது. 1996 ஏப்பிரல் 3 அன்று மொண்டானாக் காட்டில் அவன் பிடிபட்டான். முதலில் அறிந்தது பொறியன்று, உடன்பிறந்தார் செவி. குற்றத்தை நிலைநாட்டியதும் சொல்லெண்ணிக்கையன்று. குடிலிற் கிடைத்த வெடியமும் எழுத்துப் படிகளும். சொல்லாய்வு வாயிலைக் காட்டிற்று. உள்ளே பொருள் இருந்தது.

இனி, என் நெஞ்சை உருக்கிய வழக்கிற்கு வருகிறேன். 1952 நவம்பர் 2 அன்று, இலண்டனை அடுத்த குராய்டனில் இரு இளைஞர் கிடங்கொன்றிற் களவுசெய்யப் புகுந்தனர். பதினாறு அகவைக் கிறித்தோபர் கிரேகு, காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். அகவை நிரம்பாமையால் அவன் தூக்கிற்குத் தப்பினான். உடன்சென்ற தெரெக்கு பெண்ட்லி பத்தொன்பது அகவையன். எழுதப்படிக்க அறியாதவன் எனத்தக்கவன். கொலை நிகழுமுன்னரே காவலர் பிடியில் அகப்பட்டவன். அவனை 1953 சனவரி 28 அன்று தூக்கிலிட்டனர். அவனே தன் வாயாற் சொல்லியதாகவும், தாங்கள் ஒரு வினாவும் வினவாது அப்படியே எழுதியதாகவும் காவலர் காட்டிய வாய்மொழி ஒன்றும் அவனுக்கு எதிரான சான்றுகளுள் இருந்தது.

பல்லாண்டு கழித்துப் பேராசிரியர் மால்கம் கூல்தார்டு அவ்வாய்மொழியை ஆராய்ந்தார். ஏறத்தாழ 580 சொற்களே உடைய அதனுள், 'பின்னர்' எனப் பொருள்படும் எளிய ஆங்கிலச் சொல் பத்து முறை வந்திருந்தது. அஃதாவது 58 சொற்களுக்கு ஒருமுறை. பொதுமக்களின் வாய்மொழிகளில் அச்சொல் ஏறத்தாழ 930 சொற்களுக்கு ஒருமுறையே வருகின்றது. காவலர் தாமே எழுதிய அறிக்கைகளிலோ 78 சொற்களுக்கு ஒருமுறை! அதன் இருப்பிடமும் நோக்கற்குரியது. 'பின்னர் நான்' என்பதே ஆங்கிலப் பொதுமக்கள் பேச்சு. 'நான் பின்னர்' என்னும் வைப்புமுறை, தொகுக்கப்பெற்ற பேச்சுப் பதிவுகளில் 1,65,000 சொற்களுக்கு ஒருமுறையே காணப்பட்டது. பெண்ட்லியின் வாய்மொழியிலோ அது மூன்று முறை வந்தது. அது காவலர் நடை. எழுத்தறியா இளைஞன் நாவில் அது வந்தது எங்ஙனம்?

1998 சூலை 30 அன்று மேன்முறையீட்டு மன்றம் அவன்மீதான குற்றத் தீர்ப்பை நீக்கியது. முந்தைய நடுவரின் தொகுப்புரை நேர்மை தவறியது என்பதே அதற்கு முதன்மையான அடிப்படை. சொல்லாய்வு மட்டும் அவனை விடுவித்ததெனல் மிகையாகும். எனினும், தூக்கேறி நாற்பத்தைந்து ஆண்டு கழிந்தபின்னும், ஒரு சிறு சொல் அவன் பொருட்டுப் பேசிற்று. அகழ்வுக் கருவி குற்றவாளியைத் தேடுதற்கு மட்டுமன்று, காவலர் எழுத்தையே உரைத்துப் பார்த்தற்கும் உரியது.

இனி நம் நிலையை எண்ணுங்கள். நம் நாட்டிற் காவலரிடம் கூறிய குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பெற்றார்க்கு எதிராக மெய்ப்பித்தல் ஆகாது என்று 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு விலக்கியது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 23ஆம் பிரிவும் அவ்வாறே விலக்குகின்றது. ஆயினும், சான்றாளர் கூற்றைக் காவலர் எழுதுவது நிற்கவில்லை. கழனியில் நாற்று நடும் பெண்ணொருத்தி 'அந்த ஆளு' என்பாள். எழுத்திலோ 'மேற்படி நபர்' என்று இருக்கும். 'அங்ஙனதான்' என்பாள், 'சம்பவ இடம்' என்று இருக்கும். இஃது அவள் மொழியன்று. நிலைய எழுத்தர் மொழி. அவள் சொன்னதும் அவர் எழுதியதும் எங்கே பிரிகின்றன என்று நாளை எந்தப் பொறி காட்டும்?

ஆங்கிலத்திற்கு இயற்றிய பொறி அதனைக் காட்டாது. 'மரம்' என்று தேடும் பொறிக்கு 'மரத்தில்' என்பது அகப்படாது. மகரம் கெட்டு அத்துச் சாரியை வருதலை அஃது அறிய வேண்டும். 'ஆறு' என்பது எண்ணா, நீரோடும் ஆறா? 'ஆற்றங்கரை' எந்த ஆற்றின் திரிபு? 'மாலை' என்பது பொழுதா, பூந்தொடையா? ஒரே ஆளின் பெயர் 'கந்தசாமி', 'கந்தசுவாமி', 'க. சாமி' என மூன்று கோப்புகளில் மூவகையாய் இருப்பின், பொறி மூவர் என எண்ணும். அன்றி, மூவரை ஒருவராக்கி, குற்றமற்றவன் கையில் விலங்கை மாட்டும். தொல்காப்பியமும் நன்னூலும் கற்பிக்கும் புணர்ச்சியும் சாரியையும் வேற்றுமையும் ஈண்டு ஓர் உயிரின் காப்பாகின்றன.

ஆதலின், மூன்று வேண்டுவேன். முதலாவது, சான்றாளர் பேச்சை அவர் பேசியவாறே ஒலிப்பதிவு செய்க. சட்டம் அதற்கு இடந்தந்துள்ளது. இரண்டாவது, குமரி முதல் சென்னை வரையுள்ள பேச்சு வழக்குகளைப் பல்கலைக்கழகங்கள் பெருந்தொகுதியாகத் தொகுத்து, காவலர்க்கும் எதிர்வழக்குரைஞர்க்கும் ஒருசேரத் திறந்து வைக்க. ஒப்பிடப் பொதுப்பேச்சு இல்லையேல், கூல்தார்டின் எண்கள் வெற்றெண்களே. மூன்றாவது, பொறி தரும் விடையைத் தேடலின் தொடக்கமாகக் கொள்க, தீர்ப்பாகக் கொள்ளற்க.

மாணவச் செல்வங்களே! தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று உங்களை வினவுவார் உண்டு. எழுதப்படிக்க அறியாத ஒருவன் சொல்லாத சொல்லை அவன் வாயில் ஏற்றும்போது, 'இஃது அவன் சொல்லன்று' என்று அறமன்றத்தில் எழுந்து சொல்லும் வேலை காத்திருக்கின்றது. அதற்கு இலக்கணமும் கற்றுக்கொள்க, கணிப்பொறியும் கற்றுக்கொள்க.