கத்தியை அலசணும், உடனே துடைக்கணும்

போன வாரம் கத்தி பத்திப் பேசினதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒண்ணேதான். "தினமும் கழுவித்தான் வைக்கிறேன், அப்பவும் துருப்பிடிக்குதே?" ராமேஸ்வரத்துலேர்ந்தும் தூத்துக்குடியிலேர்ந்தும் இந்தக் கேள்வி வந்ததுல ஆச்சரியமில்ல. இங்க டெல்லி துவாரகாலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க, "கடலே இல்லாத ஊர்ல ஏன் இப்படி?"னு.

அம்மா, உங்க வீட்டுக்கு போர் தண்ணியா வருது? தென்மேற்கு டெல்லியில, நஜஃப்கர் பக்கமெல்லாம், பல இடத்துல நிலத்தடித் தண்ணி உப்பு. அதுல கழுவி அப்படியே பாத்திர ஸ்டாண்டுல சாய்ச்சு வெச்சா, தண்ணி காஞ்சுடும், உப்பு கத்தியிலயே தங்கிடும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானே தண்ணிய இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாசத்துல உப்பு ஜாடியில பார்த்திருப்பீங்க. கத்தி மேலயும் அதேதான் நடக்குது. ராமேஸ்வரத்துல உப்பு கடல் காத்துல வருது, துவாரகாவுல குழாயில வருது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால நல்ல தண்ணியில அலசணும், உடனே காஞ்ச துணியால துடைக்கணும். அலசாம துடைச்சா உப்பு நிக்கும், துடைக்காம வெச்சா ஈரம் நிக்கும். பிடியும் கத்தியும் சேர்ற இடத்தையும் சேர்த்துத் துடைங்க, முதல் துரு அங்கதான் வரும். மீனோ மாங்காயோ எலுமிச்சம்பழமோ நறுக்கினா, சமையல் முடியட்டும்னு சிங்க்ல போட்டு வைக்காதீங்க. இதை எத்தனை தடவை சொன்னாலும் "எந்த எண்ணெய் தடவலாம்?"னுதான் கேக்கறீங்க. எண்ணெய் அப்புறம். முதல்ல துடைங்க!

காய வைக்கிறது எவ்வளவு முக்கியம்னு காட்ட, ஊர்லேர்ந்து யார் வந்தாலும் நான் மெஹ்ரோலிக்குக் கூட்டிட்டுப் போவேன். குதுப் மினார் வளாகத்துல இருக்கிற இரும்புத் தூண், 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல எடை, குப்தர் காலத்தது. கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் அதைப் பல வருஷம் ஆராய்ஞ்சார். அந்த இரும்புல பாஸ்பரஸ் அதிகம், காத்துல நனைஞ்சு நனைஞ்சு காய்ஞ்சதுல மேல ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகியிருக்குன்னு சொன்னார். இதுவரைக்கும் எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா 1961ல அடியைத் தோண்டிப் பார்த்தப்போ, மண்ணுக்குள்ள இருந்த பகுதி நல்லாவே துருப்பிடிச்சிருந்தது. ஒரே தூண், ஒரே இரும்பு. காயற இடம் பிழைச்சது, ஈரத்துலயே கிடந்த இடம் அரிச்சுப்போச்சு. நம்ம கத்தியில அந்தப் பாஸ்பரஸும் கிடையாது.

அடுத்து, "எவர்சில்வர் தட்டு நல்லா இருக்கு, எவர்சில்வர் கத்தி மட்டும் ஏன் புள்ளி புள்ளியா ஆகுது?" நல்ல கேள்வி. ரெண்டுலயும் குரோமியம் இருக்கு, அதுதான் காப்பு. ஆனா கத்திக்குக் கூர்மை நிக்கணும்னு கார்பன் அதிகமா வைப்பாங்க, அதனால அந்தக் காப்பு கொஞ்சம் பலவீனம். உப்பு அதைப் புள்ளி புள்ளியாத் துளைக்கும். துளைச்ச குழி தேய்ச்சாலும் போகாது.

இரும்புக் கத்தி, அரிவாள்மணை வெச்சிருக்கிறவங்க, வெங்காயமும் புளியும் பட்டுப் பட்டு வர்ற அந்தக் கருப்பை அழுக்குன்னு நினைச்சுக் கம்பி நார் போட்டுத் தேய்க்காதீங்க. எங்க பக்கத்து வீட்டுல ஒரு பாட்டி தஞ்சாவூர்லேர்ந்து கொண்டுவந்த அரிவாள்மணை அலகு கன்னங்கரேல்னு இருக்கும், மழைக்காலத்துலயும் துரு எட்டிப் பார்க்காது. வேலை முடிஞ்ச கையோட முந்தானையில ஒரு துடைப்பு, அப்புறம் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். கடுகு எண்ணெய் வேண்டாம், நாள்பட்டா பிசுபிசுக்கும்.

துரு வயித்துக்குள்ள போனா விஷமான்னு கேட்டவருக்கு: கொஞ்சம் போனா விஷம் இல்ல. வெட்டுப்பட்டா வருமோன்னு பயப்படற டெட்டனஸும் காயத்துக்குள்ள போற கிருமியாலதான், துருவால இல்ல.

லீவுக்கு ரெண்டு மாசம் ஊருக்குப் போறவங்க, தோல் உறையில போட்டுட்டுப் போகாதீங்க, அது ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். எண்ணெய் தடவி, காஞ்ச காகிதத்துல சுத்தி, சமையலறைக்கு வெளியில ஒரு அலமாரியில வைங்க. ஏர்கூலர் ஓடற ரூம் வேண்டாம். லேசா மேல் துரு மட்டும் வந்திருந்தா, எலுமிச்சம்பழத்தால தேய்ச்சு எடுத்துடலாம். அப்புறம் அலசி, துடைச்சு, எண்ணெய் போடுங்க.