ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டம் எதற்கு?

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். கிளப் ஹவுஸ் சின்ன அறையை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் எங்கள் வாசிப்பு வட்டத்துக்குத் தொடர்ந்து ஒதுக்கலாமா, அல்லது அந்த நேரத்தையும் பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடலாமா என்பது இன்றைய அஜெண்டாவில் இருக்கிறது. "கம்பெனி ட்ரெயினிங் ஆட்கள் புத்தகம் படிக்க அசோசியேஷன் அறை எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். மெயின்டனன்ஸ் கட்டுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறேன்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லும், ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸான் 2010-லும் உற்பத்தியைத் தொடங்கின. பிறகு டைம்லர் லாரி வந்தது, ராயல் என்ஃபீல்டு வந்தது, அவர்களுக்குப் பாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகள் வந்தன. நம் வாசலில் காலை ஐந்தே காலுக்கு வந்து நிற்கும் கம்பெனி பஸ்களைப் பார்த்தாலே கணக்குத் தெரியும். இந்தத் தொழிற்சாலைகளில் மாதாமாதம் புதுப் பிள்ளைகள் சேருகிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர், டிப்ளமோ படித்தவர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர் என்று எல்லாரும் உண்டு. லைனில் நிற்கும் முன் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் அறைக்கு 'டோஜோ' என்று பெயர். அங்கே சொல்லிக் கொடுப்பவர்களில் எட்டொன்பது பேர் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள்.

பள்ளிக்கூட வாத்தியார் ஆவதற்கு பி.எட். வேண்டும். இவர்களுக்கோ அப்படி எதுவும் கிடையாது. லைனில் பத்து வருஷம் நன்றாக வேலை பார்த்தவரை ஒருநாள் கூப்பிட்டு, "நாளையிலிருந்து நீங்கள்தான் ட்ரெயினர்" என்று சொல்லிவிடுவார்கள். வெல்டிங் தெரியும். வெல்டிங்கைச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இதே கேள்வி ஜப்பானில் அறுபது வருஷத்துக்கு முன் எழுந்தது. மீன் முள் படம் எல்லாருக்கும் தெரியும். அதை உண்டாக்கிய கவோரு இஷிகாவா டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர். 1962-ல் ஜப்பான் விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் ஃபோர்மேன்களுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியது. அதன் ஆசிரியர் குழுவுக்கு அவர்தான் தலைவர். விலையைக் குறைவாக வைத்தார்கள். ஆனால் ஃபோர்மேன்களுக்குப் படிக்கிற பழக்கம் இல்லை. வாங்கி வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். அதனால், "தனியாகப் படிக்காதீர்கள், கூட வேலை செய்கிறவர்களோடு வட்டமாக உட்கார்ந்து படியுங்கள், படித்ததை உங்கள் இடத்தில் செய்து பாருங்கள்" என்ற யோசனை வந்தது. அந்த வட்டம்தான் குவாலிட்டி சர்க்கிள். நம்மவர்கள் பாதிப் பேர் அதில் பரிசு வாங்கி வரவேற்பறையில் ஷீல்டு வைத்திருக்கிறீர்கள். அது பிறந்தபோது ஒரு வாசிப்பு வட்டம்!

இந்தியாவுக்கு அது 1980-ல் ஹைதராபாத் பி.எச்.இ.எல். வழியாக வந்தது. இங்கே பாடியில் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-ல் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவிலேயே முதலாவதாக. அதெல்லாம் பெருமைதான். ஆனால் எங்கள் உறுப்பினர்கள் சொல்வதைக் கேட்டால், இன்று பல இடங்களில் சர்க்கிள் என்றால் போட்டி, பவர்பாயிண்ட், பேனர், குரூப் போட்டோ. படிப்பு எங்கோ கழன்று விழுந்துவிட்டது. கழன்றதை எடுத்துத் திரும்ப மாட்டுவதுதான் எங்கள் வேலை.

நடத்தும் முறை எளிது. மாதத்துக்கு ஓர் அத்தியாயம், அதற்கு மேல் இல்லை. வீட்டில் படித்துவிட்டு வாருங்கள் என்று யாரிடமும் சொல்வதில்லை. பி ஷிஃப்ட் முடித்து நள்ளிரவுக்கு மேல் வீடு வருகிறவரிடம் அதைச் சொல்வது பாவம். அறையிலேயே ஒருவர் உரக்கப் படிப்பார். புத்தகம் ஆங்கிலத்தில், பேச்சு தமிழில். ஒவ்வொருவரும் அந்த மாதம் தன் டோஜோவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனி பெயர் வரக் கூடாது, டிராயிங் வரக் கூடாது, செல்போன் வெளியே. போட்டிக் கம்பெனிக்காரர்கள் அருகருகே உட்காருவதால் இது அவசியம். ஒருவருடைய மேலதிகாரி அவரோடு ஒரே வட்டத்தில் இருக்கக் கூடாது என்பதும் விதி. நான் நடத்துவதற்கும் அதுதான் தகுதி. பேங்க் கிளார்க்காக ரிட்டயர் ஆனவனுக்கு இவர்களில் யாரையும் அதிகாரம் பண்ண முடியாது!

வங்கியிலும் சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்கு நாங்கள் படித்தோம். பாஸ் பண்ணினால் இன்கிரிமென்ட் உண்டு. அவரவர் வீட்டில் மனப்பாடம் செய்து எழுதினோம். இன்கிரிமென்ட் நின்றது, படித்தது நிற்கவில்லை.

இனி, ஒரு சம்பவம். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

போன வருஷம் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியரைப் படித்தோம். 1959-ல் அவர் எழுதியது: பயிற்சியை நாலு படியில் அளக்க வேண்டும். வந்தவருக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, வேலையில் அப்படிச் செய்கிறாரா, அதனால் பலன் வந்ததா. எங்களில் ஒருவர் அன்று பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில் சொன்னார். அவர் பிரஸ் ஷாப்புக்கு ஆள் தயார் செய்கிறவர். அந்த மெஷினில் இரண்டு பட்டனை இரண்டு கையாலும் அழுத்தினால்தான் டை இறங்க வேண்டும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. அவரிடம் இருபதுக்கு இருபது மார்க் வாங்கிய பையன், மூன்றே வாரத்தில் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிட்டு ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டிருந்தான். இவர் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனதால் கண்ணில் பட்டது. விரல் போகவில்லை. ஏனப்பா என்றால், "சூப்பர்வைசர் கவுன்ட் கேக்கறாரு சார்" என்றானாம். இரண்டாம் படியில் முழு மார்க், மூன்றாம் படியில் பூஜ்யம். அன்றிலிருந்து அவர் முப்பதாவது நாள் ஒவ்வொரு பையன் பக்கத்திலும் போய்ப் பத்து நிமிடம் நின்று பார்க்கிறார். கம்பெனி சொல்லிச் செய்வதில்லை.

கதை அங்கே முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து கோல்ட்ராட்டின் 'தி கோல்' எடுத்தோம். 1984-ல் வந்தது. மூடப்போகும் தொழிற்சாலையை மூன்று மாதத்தில் நிமிர்த்தப் பார்க்கும் ஒரு மேனேஜரின் கதை. நாவல் மாதிரி இருப்பதால் வீட்டுக்காரம்மாக்களும் வந்து உட்கார்ந்தார்கள். அதில் வரும் தீக்குச்சி விளையாட்டை விளையாடினோம். ஐந்து கிண்ணம், ஒரு லூடோ டைஸ். விழுகிற எண்ணுக்குத் தக்கபடி குச்சியை அடுத்த கிண்ணத்துக்குத் தள்ள வேண்டும், உங்களிடம் இருப்பதற்கு மேல் தள்ள முடியாது. சராசரி மூன்றரை, பத்துச் சுற்றுக்கு 35 குச்சி கடைசியில் வர வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வந்தது 27. மீதி நடுக் கிண்ணங்களில் தேங்கி நின்றது. தேக்குகிற இடத்துக்குத் தமிழில் என்ன சொல்வது என்று பேச்சு வந்தபோது, சி பிளாக் அம்மா ஒருவர் "படப்பை பஜார்" என்றார். வண்டலூரிலிருந்து எவ்வளவு வேகமாக வந்தாலும் பஜாரில் நின்றுதானே ஆக வேண்டும்? அன்றிலிருந்து எங்கள் வட்டத்தில் அதுதான் சொல்.

பிரஸ் ஷாப் நண்பர் அப்போதுதான் கேட்டார்: "எங்களுக்கு பஜார் எங்கே இருக்கிறது?" போய்ப் பார்த்தார். வெல்டிங்கில் இருந்தது. பிரஸ்ஸில் அந்தப் பையன் கையைப் பணயம் வைத்து அடித்த பாகமெல்லாம் வெல்டிங்குக்கு முன்னால் ட்ராலியில் இரண்டு நாள் சும்மா நின்றிருக்கிறது.

இதை அவர் நிர்வாகத்திடம் கணக்கோடு வைத்தார். பழைய பிரஸ்களில் ஒரு பட்டன் அழுத்தியபடியே இருந்தால் மெஷின் ஓடாத மாதிரி சர்க்யூட் மாற்றினார்கள். கவுன்ட் இன்னும் குறையவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கிறார்.

சான்றிதழ் கொடுத்தால் கூட்டம் வரும் என்று சில நண்பர்கள் யோசனை சொன்னார்கள். ஒரு கம்பெனி ஸ்பான்சர் செய்வதாகவும் பேச்சு வந்தது. இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. சான்றிதழ் வந்தால் அட்டெண்டன்ஸ் வரும், ஸ்பான்சர் வந்தால் மேலதிகாரி வருவார். டேப் ஒட்டிய கதையை அப்புறம் யார் சொல்வார்கள்?

சங்கப் பணம் ஒரு ரூபாயும் செலவில்லை. புத்தகம் இரண்டு பிரதி நாங்களே வாங்குகிறோம், டீ எங்கள் வீட்டிலிருந்து வருகிறது. கேட்பது இரண்டாவது ஞாயிறு 10.30 முதல் 12 வரை அந்த அறை, ஒரு மின்விசிறி, பத்து நாற்காலி. அன்று மாலை பிறந்தநாள் விழாவுக்கு விட எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, கூட்டிப் பெருக்கியே கொடுக்கிறோம். அடுத்த முறை 'தி கோல்' ஒன்பதாம் அத்தியாயம். ட்ரெயினர் அல்லாதவர்களும் வரலாம், தீப்பெட்டி கொண்டு வரவும்.