யோசனையைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா?
(ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாணவர் குழுக்கள் தரும் புத்தாக்க யோசனைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடம் இருக்கிறது. இதையே தொழிலாகச் செய்பவர்கள் துணிகர முதலீட்டாளர்கள். அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

2008-இல் சான் பிரான்சிஸ்கோ இளைஞர்கள் மூவர், வீட்டில் உள்ள இடத்தைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட ஓர் இணையதளம் தொடங்கினார்கள். நிறுவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு 1,50,000 டாலர் கேட்டு ஏழு முதலீட்டாளர்களை அணுகினார்கள். ஐந்து பேர் மறுத்தார்கள்; இருவர் பதிலே தரவில்லை. அதுதான் இன்றைய ஏர்பிஎன்பி. 2020 டிசம்பரில் பங்குச்சந்தைக்கு வந்த முதல் நாளே அதன் மதிப்பு 8,000 கோடி டாலரைத் தாண்டியது.

மறுத்தவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர். சந்தை எவ்வளவு பெரியது, மக்களுக்கு இது தேவையா, நடத்துபவர்கள் தாக்குப்பிடிப்பார்களா என்பவை அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள். சந்தை சிறியது என்பதும் அன்று சொல்லப்பட்ட ஒரு காரணம். பின்னர் இந்த வாய்ப்பைத் தவறவிட்ட பிரெட் வில்சன் என்ற முதலீட்டாளர், அவர்கள் அன்று செய்ததையே பார்த்தோம், நாளை செய்யக்கூடியதைப் பார்க்கவில்லை என்று 2011-இல் வெளிப்படையாக எழுதினார்.

ஒய் காம்பினேட்டர் நிறுவனத்தின் பால் கிரஹாமுக்கும் யோசனை பிடிக்கவில்லை. ஆனால், பணமின்றித் தவித்த அந்த இளைஞர்கள், அதிபர் தேர்தல் வேட்பாளர்களின் பெயரில் காலை உணவுத் தானியப் பெட்டிகளை 40 டாலருக்கு விற்று, சுமார் 30,000 டாலர் திரட்டியதை அறிந்தார். அந்த விடாமுயற்சியை நம்பிச் சேர்த்துக்கொண்டார்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. முதலீடு பெறும் நிறுவனங்களில் பல தோற்கும். தோற்றால் போட்ட பணம் மட்டுமே போகும். நல்லதைத் தவறவிட்டால் இழப்புக்கு எல்லையே இல்லை. அதனால்தான் பெஸ்ஸமர் என்ற முதலீட்டு நிறுவனம், தான் கைவிட்ட ஆப்பிள், கூகுள் போன்றவற்றின் பட்டியலைத் தானே வெளியிட்டு வைத்திருக்கிறது.

எல்லா யோசனையையும் நாம் ஏற்க முடியாது. ஆனால் முதலீட்டாளர் மறுத்தால் அந்த இளைஞர்கள் வேறு கதவைத் தட்டலாம். நம் மாணவருக்குப் பெரும்பாலும் நாம்தான் ஒரே கதவு. எனவே இரண்டு வேண்டுகோள்கள். ‘இதுவரை என்ன செய்து பார்த்தாய்?’ என்று ஒவ்வொரு குழுவையும் கேளுங்கள். மறுத்தால், காரணத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அந்தக் குழுவிடமும் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதை எடுத்துப் படித்தால், நம் தீர்ப்பு எங்கே தவறுகிறது என்பது நமக்கே தெரியும்.