எண்ணும் இசையும்

(சங்க மண்டபத்திலே நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற குருபூசைத் தினத்திலே இம்மண்டபத்தில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எமது வாலிபர் ஒருவர் தேவாரப் பண்ணிசையைத் தமது கைத்தொலைபேசியிலிருந்து அம்பிளிபயருக்குக் கொடுத்து ஒலிக்கச் செய்தார். பாட்டு வந்தது, பாட்டோடுகூட வண்டு இரைவது போன்ற ஓர் இரைச்சலும் வந்தது. நடுவிலே யாரோ அனுப்பிய செய்தியின் மணியோசை மண்டபம் அதிர ஒலித்தது. பெரியோர் முகஞ் சுழித்தனர்; வாலிபர் வெட்கித் தலைகுனிந்தனர்.

பின்னர் கூடிய செயற்குழுவிலே இரண்டு கட்சி உண்டாயிற்று. “போன் வேண்டாம், பழைய கசற் பெட்டியே போதும்” என்றது ஒரு கட்சி. “அம்பிளிபயர் பழசாகிவிட்டது, கட்டிட நிதியில் எடுத்தாயினும் புதிது வாங்குவோம்” என்றது மற்றைக் கட்சி. வாங்குமுன் ஆராய்ந்து சொல்லும்படி என்னைப் பணித்தார்கள். ஆராய்ந்தேன். குற்றம் போனிலும் இல்லை, அம்பிளிபயரிலும் இல்லை, இரண்டையும் இணைத்த முறையிலேதான் இருந்தது. அம்முறையை விளக்குவதே இன்றைய எனது சொற்பொழிவின் நோக்கம்.

முதலாவதாக, போனுக்குள் இசை எவ்வாறு இருக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். ஒலி என்பது காற்றிலே தோன்றும் அலை. பழைய இசைத்தட்டிலே அந்த அலையின் உருவமே கோடாகக் கீறப்பட்டிருந்தது. போனுக்குள்ளோ அலை இல்லை, எண்களே உள்ளன. 1982ஆம் ஆண்டிலே விற்பனைக்கு வந்த சீடித் தட்டின் முறையையே உதாரணமாகக் கொள்வோம். அதிலே ஒரு செக்கனுக்கு 44,100 முறை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்து வைக்கிறார்கள். மனிதச் செவி கேட்கவல்ல மிக உயர்ந்த ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு. அதன் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவை அளந்தால், இடையிலுள்ளது ஒன்றும் விடுபடாமல் அலையை மீள அமைக்கலாம் என்பது கணித முடிபு. நைகுவிஸ்ற், ஷனொன் என்னும் இரு அறிஞர்களின் பெயர்களால் இது வழங்குகிறது.

இனி, எண்ணைக் காது கேளாது. எண்ணை மீண்டும் மின்னலையாக மாற்றுதற்கு ஒரு கருவி வேண்டும். அதனையே இளைஞர்கள் “டாக்” என்று வழங்குகிறார்கள். இக்கருவி முன்பு பெரும்பாலான போன்களுக்குள்ளே இருந்து, வட்டத் துவாரத்தின் வழியாக இசையை வெளியே கொடுத்தது. 2016ஆம் ஆண்டிலே ஆப்பிள் நிறுவனத்தார் ஐபோன் 7இல் அத்துவாரத்தை நீக்கினர். பின்னர் மற்றைய உற்பத்தியாளர் பலரும் அவ்வழியே சென்றனர். ஆதலினால் டாக்கும் சிறு அம்பிளிபயரும் ஒன்றாய் அடங்கிய, விரலளவு கருவிகள் கடைகளிலே தோன்றின. போனின் யூ.எஸ்.பி. வாயிலே செருகுவது, மறுபுறத்தில் ஹெட்போனை மாட்டுவது. “டொங்கிள்” என்று இதற்குப் பெயர். மின்கலம் இதற்கு இல்லை. போனிடமிருந்தே மின்சாரத்தைப் பெறுகிறது. ஆகவே போனின் மின் சற்று விரைவாகக் குறையும். சில போன்களில் “ஓ.ரி.ஜி.” என்னும் அமைப்பைத் திறந்து வைத்தாலன்றி இது வேலை செய்யாது.

வாங்குவோர் ஈண்டு ஒன்றைக் கவனிக்க. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு வகை அடப்டர்கள் உள. ஒன்றினுள்ளே டாக் இருக்கிறது. மற்றதனுள்ளே வெறும் கம்பி மட்டுமே, யூ.எஸ்.பி. வாயின் வழியே மின்னலையையே தரும் சில போன்களில் மாத்திரம் அது பயன்படும். இதனை அறியாது குறைந்த விலையைக் கண்டு வாங்கி, போன் பழுதென்று எண்ணி அலைந்தவர் பலர். கடைக்காரரிடம் “உள்ளே டாக் உண்டா?” என்று கேட்டு, தம் போனிலே மாட்டிப் பார்த்து வாங்குக.

விலையுயர்ந்தது வேண்டுமா என்பது அடுத்த வினா. 2018ஆம் ஆண்டிலே ஆப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட யூ.எஸ்.பி.-சீ அடப்டர் அமெரிக்காவிலே 9 டொலருக்கு விற்கப்பட்டது. கருவிகொண்டு அளந்தவர்கள், அதன் இரைச்சலும் திரிபும் செவிக்குப் புலப்படாத அளவின என்றே கண்டனர். ஆயினும் சில அன்ட்ரொயிட் போன்களோடு சேரும்போது அது முழு உரப்பைத் தருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பல நூறு டொலர் பெறும் டொங்கிள்களும் இருக்கின்றன. அவற்றின் பெட்டிகளிலே 32 பிற், 384 கிலோ ஹேட்ஸ் என்று பெரிய இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை நூறு பேர் உண்ணும் அண்டாவிலே ஒருவருக்குச் சோறு சமைப்பதை ஒக்கும். பாட்டைப் பதிவு செய்தபோது இல்லாத நயம், கருவியின் இலக்கத்தினாலே வந்துவிடாது. அன்ட்ரொயிட் போன்கள் பெரும்பாலும் எல்லாப் பாட்டையும் 48,000 அளவைக்கு மாற்றியே அனுப்புகின்றன. மாற்றாது அனுப்புவதற்கு 2023இல் வந்த 14ஆம் பதிப்பிலே வழி செய்யப்பட்டது. எனினும் அம்மாற்றத்தைக் காதினால் அறிதல் மிக அரிது. கம்பியில்லாத புளூரூத் முறையிலே இசையைச் சுருக்கி அனுப்புகிறார்கள். அது போதுமென்பவர் அதனோடு அமைக.

ஆயின் தனி அம்பிளிபயர் எப்போது வேண்டும்? அது ஹெட்போனைப் பொறுத்தது. முற்காலத்திலே கிறிஸ்ரல் றேடியோவுக்குக் காதிலே மாட்டிய கருவிகள் 2,000 ஓம் அளவு தடையுடையனவாய் இருந்தன. இன்றைய காதுக் கருவிகள் பல 16 முதல் 32 ஓம் வரையின. இசைக்கூடங்களில் வழங்கும் சில ஹெட்போன்கள் 300 ஓமும், சில 600 ஓமும் உடையன. சிறு டொங்கிள் ஏறக்குறைய 1 வோல்ற்றுத் தருகிறது என்று கொள்வோம். 32 ஓம் கருவிக்கு அது 31 மில்லிவாற்று. 300 ஓம் கருவிக்கோ மூன்று மில்லிவாற்றுக்குச் சற்று அதிகம். எனவே அதிக ஓமுடைய ஹெட்போனிலே பாட்டு மெலிந்து கேட்டால், 2 வோல்ற்றோ அதற்கு மேலோ தரும் டொங்கிளையாவது, தனி அம்பிளிபயரையாவது நாடலாம். வோல்ற்று இருமடங்கானால் வலு நான்கு மடங்காகும். சாதாரண காதுக் கருவி வைத்திருப்பவருக்குத் தனி அம்பிளிபயர் வீண் செலவு.

வீண் செலவு மாத்திரமன்று, ஆபத்துமாகும். இதை வாலிபர்கள் மனங்கொண்டு கேட்கவேண்டும். ஒரு மில்லிவாற்றில் 100 டெசிபல் தரும் காதுக் கருவிக்கு 31 மில்லிவாற்றைக் கொடுத்தால் ஒலி 115 டெசிபலை எட்டும். உலக சுகாதார நிறுவனத்தார் கூறும் எல்லை யாது? 80 டெசிபல் அளவிலே வாரத்துக்கு 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையவேண்டும். 83க்கு 20 மணித்தியாலம், 86க்கு 10, 89க்கு 5. இவ்வாறே கணித்துச் சென்றால், 115 டெசிபலுக்கு வாரம் முழுவதற்கும் ஒரு நிமிடங்கூடக் கிடையாது. உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளையா. பல்லுக்குப் பொய்ப்பல் உண்டு. கண்ணுக்குக் கண்ணாடி உண்டு. போன செவியைப் பழையபடி தருவார் ஒருவரும் இல்லர். மாட்டிய ஹெட்போன் எத்தகையது என்பதைப் போன் எப்போதும் அறியாது. ஆதலால் போன் காட்டும் டெசிபல் கணக்கை முழுதும் நம்பற்க. புதிய டொங்கிளை மாட்டும்போது ஒலியை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, பின்னரே காதில் வைத்து மெல்ல ஏற்றுக. பக்கத்திலிருப்பவர் பேசுவது கேளாத அளவுக்கு ஏற்றவேண்டாம். பெற்றோர் கூப்பிடும் குரல் கேளாத பிள்ளைக்கு எந்த இன்னிசையும் அணியாகாது.

இனி எமது மண்டபத்து வழக்குக்கு வருவோம். நான் கண்ட குற்றங்கள் நான்கு.

முதலாவது, போனைச் சார்ஜரிலே இட்டபடியே அம்பிளிபயரோடு இணைத்திருந்தார்கள். சார்ஜரும் அம்பிளிபயரும் ஒரே சுவர் மின்சாரத்திலே தொடுக்கப்பட்டிருந்தமையால், இசைக் கம்பியின் வழியாகவே வேண்டாத மின்னோட்டமும் சுற்றி வந்தது. அந்த வண்டின் இரைச்சல் அதுவே. சார்ஜரைக் கழற்றினேன், இரைச்சல் அப்பொழுதே நின்றது. விழாவுக்கு முதல்நாள் இரவே போனுக்கு மின்னேற்றி வைத்தால் இத்தொல்லை இல்லை. நெடுநேரம் சார்ஜர் வேண்டியதானால், இடையிலே ஒலிக்கென அமைந்த சிறு மின்மாற்றி ஒன்றை இடலாம்.

இரண்டாவது, போனின் கம்பியை மைக் துவாரத்திலே செருகியிருந்தார்கள். மைக் தருவது ஒரு வோல்ற்றின் ஆயிரத்திலே சில பங்கு. போன் தருவது அதனிலும் பல நூறு மடங்கு. சிறுகுழந்தையின் வாயிலே குடத்து நீரைக் கவிழ்த்தாற்போல ஆயிற்று. பாட்டுக் கரகரத்தது அதனாலேதான். “லைன்” என்றாவது “ஓக்ஸ்” என்றாவது எழுதப்பட்ட துவாரமே இதற்குரியது.

மூன்றாவது, கரகரப்பைக் குறைக்க எண்ணிப் போனின் ஒலியை மிகத் தாழ்த்தி, அம்பிளிபயரின் திருகை முழுவதும் ஏற்றினார்கள். அப்போது அம்பிளிபயர் தன் சொந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கியது. லைன் துவாரத்தில் இணைத்தபின், போனின் ஒலியை உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, மண்டபத்துக்கு வேண்டிய உரப்பை அம்பிளிபயரின் திருகினாலே அமைத்தலே முறை. இணைக்கும்போதும் கழற்றும்போதும் திருகு பூச்சியத்தில் இருக்கட்டும். விலைகூடிய டொங்கிள்களிலே 4.4 மில்லிமீற்றர்த் துவாரம் ஒன்றும் இருக்கும். அது ஹெட்போனுக்காக வேறு முறையில் அமைந்தது. அதனைச் சாதாரண அம்பிளிபயரோடு இணைத்தால் டொங்கிள் பழுதடையலாம். 3.5 மில்லிமீற்றர்த் துவாரத்தையே கொள்க.

நான்காவது குற்றம் மிக எளியது. போனை விமான நிலையிலே வைத்திருந்தால் செய்தி மணி ஒலித்திராது. மைக் வைத்திருக்கும் ஓதுவாரை நடுவிலே கூப்பிட்டுப் பேசுவோமா? பூசை நேரத்திலே போனும் அவ்வாறே.

இந்நான்கையும் திருத்தி, சென்ற ஞாயிறு காலையிலே இங்கே அதே பாட்டை ஒலிக்கவிட்டோம். கசற் பெட்டிக் கட்சியினரும் இருந்து கேட்டனர். பாட்டு முடியுமட்டும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஆகவே புதிய அம்பிளிபயர் வேண்டியதில்லை. ஒரு நல்ல அடப்டரும், உரிய கம்பியும் போதும். கட்டிட நிதி கட்டிடத்துக்கே இருக்கட்டும் என்று செயற்குழுவை வேண்டுகிறேன். பழைய கசற்றுகளையும் எறிந்துவிடாதீர்கள். அவற்றிலுள்ள ஓதுவார்களின் குரலை எண்ணாக மாற்றிப் பாதுகாப்பது வாலிபர்கள் மேற்கொள்ளத்தக்க அடுத்த தொண்டு. நாடா காலத்தால் நலியும். நலியுமுன் செய்தல் நன்று.

முடிவாக ஒன்று. திருஞானசம்பந்த சுவாமிகள் பாடிய பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிலே இட்டு வாசித்து வந்தார். தருமபுரத்திலே அவருடைய சுற்றத்தார், பதிகத்தின் பெருமை யாழினாலேயே பரந்தது என்று பேசினர். யாழ்ப்பாணர் வருந்தி வேண்ட, யாழில் அடங்காத பதிகமொன்றைச் சுவாமிகள் பாடியருளினார். யாழ்ப்பாணர் தம் கருவியை உடைக்க ஓங்கினார். சுவாமிகள் தடுத்து, இயன்ற அளவு வாசித்தலே அமையும் என்று யாழைத் திருப்பிக் கொடுத்தருளினார். பெரியபுராணம் கூறும் இவ்வரலாறு இன்றைய வழக்கிலே எமது இரு கட்சியாருக்கும் பொருந்துவது. கருவியினாலேயே இசை பெருமையடைகிறது என்று மயங்கிப் பெரிய இலக்கங்களுக்குப் பணத்தை இறைப்பது ஒரு பிழை. கருவி ஒருநாள் இரைந்ததென்று அதனை உடைத்தெறிய நினைப்பது மற்றொரு பிழை. கருவியின் அளவை அறிந்து, அதற்கு இயன்ற தொண்டை அதனிடம் கொள்வதே அறிவுடைமை.

வாலிபர்களே! தனியே இருக்கும்போது ஹெட்போனிலே கேளுங்கள், அளவோடு கேளுங்கள். ஆனால் அந்தச் சிறு டொங்கிளைக் கழற்றி இம்மண்டபத்து அம்பிளிபயரிலும் மாட்டலாம் என்பதை மறவாதீர்கள். ஒருவர் காதுக்குள் ஒலித்த அதே தேவாரத்தை அப்போது தாத்தாவும் பேரனும் ஒருங்கிருந்து கேட்பார்கள்.